சுவரில் கை வைத்துவிட்டு வருபவர்

எங்கள் சபை மண்டபத்தின் வாசலுக்கு வலப்பக்கச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் ஓர் உள்ளங்கைத் தடம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்பு வெள்ளையடிப்பார்கள். பொங்கல் வருவதற்குள் தடம் திரும்பி வந்துவிடும். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, "இந்தக் கைய ஒரு நாளைக்கு ஒடிக்கப் போறேன் பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லுவார். கைக்கு உரியவரிடம் மட்டும் சொல்லமாட்டார். வெள்ளையடிக்கும்போது அவருடைய ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே கைதான்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் சொன்னதில்லை. வாலிபர் கூட்டத்தில் பெற்றோருக்குப் பெயர் கிடையாது. என் தோழி ஜான்சியின் அப்பா என்பதால் அவர் ஜான்சி அப்பா. அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்குப் போவார்கள். மீதியில் பாதி தீப்பெட்டி. எஞ்சியவர்கள் என் அம்மாவைப் போல நர்ஸ், அல்லது வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் வாலிபர் கூட்டம் நடக்கும். தாவீது தலைவன். நான் செயலாளர். செயலாளர் என்றால் பாய் விரிப்பது, பாட்டு எடுப்பது, சண்டையை விலக்குவது.

அப்படி ஒரு மதியம்தான் அவர் முதன்முதலாக வந்தார். வாசலுக்கு நேரே விடாமல் தள்ளிப் போய்ச் செருப்பைக் கழற்றினார். சுவரில் வலது கையை முழுசாகப் பதித்தார். பிறகு தலையை மட்டும் நீட்டி, "உள்ள வரலாமா?" என்றார்.

தாவீது எழுந்துகொண்டான். "என்ன மாமா, ஜான்சியக் கூப்பிட வந்தீகளா?"

"இல்லப்பா. சும்மா உங்க கூட உக்காரலாமான்னு கேட்டேன்."

தாவீது என்னைப் பார்த்தான். நான் ஜான்சியைப் பார்த்தேன். ஜான்சி தரையைப் பார்த்தாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடத் தயாராக இருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னைக்கு வேண்டாம் மாமா. கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

"சரிப்பா. பேசுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. உள்ளே நாங்கள் பேசிக்கொண்டிருந்தது, போதகருடைய கண்ணாடி எத்தனை பவர் என்பதைப் பற்றி. அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தார். மறுபடியும் சுவர், கை, "உள்ள வரலாமா?" மறுபடியும் வேண்டாம் என்றோம். மறுபடியும் "சரிப்பா."

இதன் அருமை புரிய வேண்டுமானால் மற்றப் பெற்றோர் எப்படி வருவார்கள் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர், பள்ளியில் பாடம் நடத்தி மிச்சமிருந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் கொண்டுவந்து கொட்டுவார். கேட்காமலே உள்ளே வருவார், அரை மணி நேரம் ஒழுக்கம் பற்றிப் பேசுவார், தண்ணீர் குடிப்பார், போவார். தாவீதின் அம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். தலை தெரியாது, கொண்டை மட்டும் தெரியும். இன்னும் சிலர் எங்களிடம் வரவே மாட்டார்கள், நேரே போதகரிடம் போவார்கள். "பையங்களும் பொண்ணுகளும் ஒரே பாய்லயா உக்காருறாக?" என்று கேட்பார்கள்.

என் அம்மா உள்ளேயும் வரமாட்டாள், போதகரிடமும் போகமாட்டாள். கூட்டம் முடிய கால் மணி இருக்கும்போதே கேட்டுக்கு வெளியே குடையோடு வந்து நின்றுவிடுவாள். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை உண்டு. அப்பா வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நடுவில் என்மேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது என்பதே அவளுக்கு முழுநேர வேலை. ஆஸ்பத்திரி வேலை அதற்கு அடுத்ததுதான். நான் நன்றாகப் பாடுவேன் என்று ஊரே சொல்லும். அம்மா மட்டும் ஒரு தடவைகூட முழுப் பாட்டைக் கேட்டதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றால் பாதிதான் கேட்கும்.

ஜான்சி அப்பாவை மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ உள்ளே விட்டோம். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியும் முகம் கோணாத மனிதரை அதற்குமேல் வெளியே நிறுத்த எங்களுக்கே வெட்கமாக இருந்தது. உள்ளே வந்தவர் வாசலை அடைத்து உட்காரவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் வாசலுக்குப் போகிற வழியை விட்டுத்தான் உட்காருவார், எங்களையும் அப்படியே உட்காரச் சொல்லுவார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு என்ன வேலை?"

பெரியவர்கள் எங்களிடம் வேலை கேட்டுப் பழக்கமில்லை. தாவீது தடுமாறி, "தண்ணி எடுத்து வைக்கீகளா மாமா?" என்றான். அன்றிலிருந்து மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி அவர் பொறுப்பு. வாரநாள்களிலும் ஆலை விட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி நிரப்பிவிட்டுப் போவார். சுவரில் கறை படிந்தது அப்போதுதான். பட்டாசுக்குப் போடும் அலுமினியத் தூள் கையின் ரேகைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

கூட்டத்தில் அவராக வாயைத் திறக்க மாட்டார். யாராவது, "நீங்க என்ன நினைக்கீக மாமா?" என்று கேட்டால், "நீங்க முதல்ல சொல்லுங்க, கேப்போம்" என்பார். ஒரு நாள் நான்தான் கேட்டேன், எங்கு போனாலும் ஏன் சுவரில் கை வைக்கிறார் என்று.

"நான் போர்மேன்லாம்மா. கம்பெனியில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு செம்புத் தகடு அடிச்சிருக்கும். அதுல கைய வச்சிட்டுத்தான் உள்ள போகணும். உடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குள்ள இறங்கிரும். இல்லேன்னா வெடிமருந்துகிட்ட போகையில பொறி பறந்தாலும் பறந்துரும்."

"உடம்புல ஏது மாமா கரண்டு?" என்றான் தாவீது.

"இருக்குங்காக. நமக்கே தெரியாம இருக்குமாம். தொட்டுட்டுப் போனா நமக்கு என்ன கொறஞ்சா போகுது?"

"சரி மாமா, இங்கன ஏது மருந்து?"

அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அதான் இத்தன பேரு இருக்கீகளே" என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு முறை பக்கத்து ரூம் வெடித்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர் என்று ஜான்சி பிறகு சொன்னாள். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம். பருத்திச் சட்டை தவிர வேறு சட்டை போடமாட்டார். கிறிஸ்துமஸுக்குக்கூடப் பளபளவென்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் போகும்போதும் சுவரில் கை வைத்துவிட்டுத்தான் போவாராம். ஆலையில் முதலாளி திட்டினதும், லோடு ஏற்றுகிறவனோடு சண்டை போட்டதும் அந்தச் சுவரோடு போய்விடும். உள்ளே வருகிறவர் வேறு ஆள் என்றாள்.

அவருக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஞாயிறு ஜான்சியே எல்லோர் முன்னாலும் எழுந்து கத்தினாள். "எல்லா வாரமும் எதுக்குப்பா வரீங்க? இவங்க அப்பா அம்மா யாராவது வராகளா? எனக்கு அசிங்கமா இருக்கு." அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வாசல் பக்கம் ஒரு தலை நீண்டபோது, "வாங்கப்பா" என்று முதலில் சொன்னவள் ஜான்சிதான்.

அந்த வருடம் விருதுநகரில் சபைகளின் வாலிபர் கலைவிழா. நாங்கள் வில்லுப்பாட்டு என்று முடிவு செய்தோம். கதையும் எங்களுடையதே. மழையில்லாத ஓர் ஊர். கிணறு தூர்ந்து கிடக்கிறது. பெரியவர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இளவட்டங்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாருகிறார்கள். நான் தலைப்பாட்டு. வில்லில் கோலை அடித்துக்கொண்டு நடுவில் உட்கார வேண்டிய ஆள். மேடை ஏறி நடுவில் உட்கார வேண்டும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே இருந்த ஆசை. அம்மாவிடம், "கோரஸ்தான் பாடுறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

மேடைக்குப் பின்னால் கிணறு வரைந்து தொங்கவிடப் பெரிய பேப்பர் வேண்டியிருந்தது. சிவகாசியில் பேப்பருக்கா பஞ்சம்? அச்சகங்களில் கலர் விலகிப்போன காலண்டர் ஷீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். தாவீதும் ஜான்சியும் பஸ் ஏறிப் போனார்கள். அச்சகக்காரர் நல்லவர், ஷீட்டைத் தேடி எடுக்கும் வரை உட்காருங்கள் என்றார். பெஞ்சில் வேறு எதுவும் இல்லாததால், இருவரும் அங்கே கிடந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் சபைப் பெண்மணி ஒருவர், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க உள்ளே நுழைந்தார்.

எங்கள் பக்கம் ஒரு பையனும் பெண்ணும் சினிமாவுக்குப் போனால்கூடத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். சிவகாசி அச்சகத்தில் உட்கார்ந்து பத்திரிகை ஆல்பம் புரட்டினால் கதை முடிந்தது. பஸ் ஊருக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பத்திரிகை மாம்பழக் கலர் என்றும், ஓரத்தில் தங்கப் பூ வேலை என்றும் சொன்னார்கள். "மண்டபம்கூடப் பேசியாச்சாம்" என்று என் அம்மாவிடம் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "இனிமே வாலிபர் கூட்டமும் வேண்டாம், வில்லும் வேண்டாம்" என்றாள். நான் அழுதேன். அவள் ஆஸ்பத்திரிப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மறுநாள் சனிக்கிழமை ஒத்திகைக்கு, அம்மா டூட்டிக்குப் போனதும் ஓடிவிட்டேன். யாருக்கும் பாட்டு வரவில்லை. ஜான்சி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா ஆலை விட்டு நேரா இங்கதான் வராராம்" என்றாள். தாவீது கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் சத்தம் கேட்டது. செருப்பு கழன்றது. பிறகு ஒன்றுமில்லை. அவர் கை சுவரில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எடுத்தபாடில்லை.

"உள்ள வரலாமா?"

"வாங்க மாமா" என்றேன் நான்.

வந்தார், உட்கார்ந்தார். "எங்க போனீக ரெண்டு பேரும்?"

"பேப்பர் வாங்கப் போனோம்ப்பா" என்றாள் ஜான்சி.

"காட்டு பாப்போம்."

சுருளைப் பிரித்தார்கள். காலண்டர் குழந்தை ஒன்று, கலர் விலகியதில் மூக்கு இரண்டு, உதடு மூன்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டோம். "இந்தப் பிள்ளைக்கா கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜான்சி ஓடிவந்து அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு மகள் சொன்னதை அப்பா அப்படியே நம்பியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவர் நம்பினால் போதுமா? மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. வாலிபர் கூட்டத்தை மூடிவிடலாம், கலைவிழா வேண்டாம் என்று பேச்சு. போதகர் நல்ல மனிதர், யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்வார். பெற்றோர் எல்லோரும் எங்களை நேரில் கேட்டுவிடுவதென்று மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். மூன்று மணி வெயிலில் ஒரு கூட்டமே வருகிறது. முன்னால் வாத்தியார். பின்னால் தாவீதின் அம்மா, கையில் விளக்குமாறு. கடைசியில் குடையோடு என் அம்மா.

வாசலில் ஜான்சி அப்பா நின்றுகொண்டிருந்தார். வாசலை அடைத்தும் அடைக்காமலும் நின்றார்.

"செருப்பக் கழத்துங்க" என்றார்.

அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அது போர்மேன் குரல். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தினமும் காலையில் அந்த மாதிரிக் குரலைக் கேட்டுத்தான் ஆலைக்குள் போகிறவர்கள். கோபத்தை மனசு மறந்ததோ இல்லையோ, கால் செருப்பை விட்டுவிட்டது. வரிசையாகக் கழற்றினார்கள்.

"கைய வச்சிட்டு வாங்க. ஒரு ரூமுக்கு நாலு பேருதான்." ஆலையில் உள்ள கணக்கு அது.

தாவீதின் அம்மா விளக்குமாற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைச் சுவரில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அட, நான் எதுக்குக் கைய வைக்கேன்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் வைத்தார்கள்.

வாத்தியார் மட்டும் நிமிர்ந்து நின்றார். "இது என்ன கம்பெனியா? எங்க பிள்ளைகளைப் பாக்க நாலு நாலு பேராவா போகணும்?"

"உள்ள இருக்கது பூரா நம்ம சரக்குதான சார். கொஞ்சம் பதமாத்தான் போகணும்" என்றார் அவர், மரியாதை குறையாமல். "விளக்குமாற வெளிய வச்சிருங்க மதினி. அதுக்கு இங்கன வேலை இல்ல."

அம்மாவுக்குத் தெரியாமல் அன்றும் வந்திருந்த என்னிடம் ஜான்சி அப்பா முன்பே சொல்லியிருந்தார், என்ன ஆனாலும் பாட்டை நிறுத்தாதே என்று. நான் கோலை எடுத்து அடித்தேன். முதல் நாலு பேர் உள்ளே வந்தார்கள். கூட்டமாக வந்து கத்தலாம் என்று கிளம்பியவர்கள், நாலு பேராக உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். தாவீதின் அம்மாதான் ஷீட்டைப் பிரித்துப் பார்த்தார். மூன்று உதட்டுக் குழந்தையைப் பார்த்தார். பின்பக்கம் பாதி வரைந்த கிணற்றைப் பார்த்தார். "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று வெளியே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு உட்கார்ந்து பாட்டைக் கேட்க ஆரம்பித்தவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே வரிசை நெளிந்தது. "உள்ள போனவுக வெளிய வாங்க. நாங்க பாக்க வேண்டாமா?" என்று குரல் கேட்டது. எங்களைக் கேள்வி கேட்க வந்தவர்கள் இப்போது இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கும்மாளமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் அம்மா. அவள் சுவரில் கை வைக்கவில்லை. "நான் ஆலைக்கா போறேன்?" என்று கேட்டுவிட்டு நேரே உள்ளே வந்தாள். அவர் தடுக்கவில்லை. வில்லுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். கோரஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்து வா என்பாள் என்று நினைத்தேன். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டை முடிவு வரை கேட்டாள்.

கமிட்டி இறங்கி வந்தது. ஆனால் நிபந்தனை போட்டது. விருதுநகருக்குப் பெற்றோரும் கூடப் போக வேண்டும். எங்களுக்கு முகம் விழுந்தது. காவலுக்கு வருகிறார்களா என்று தாவீது முணுமுணுத்தான்.

ஜான்சி அப்பா பெற்றோர் பக்கம் திரும்பினார். "சும்மா உக்காந்து முறைக்கிறதுக்கு வரதுன்னா நானும் வரல. பிள்ளைககிட்ட வேலை கேப்போம். ஏம்மா ஜான்சி, எங்களுக்கு என்ன வேலை?"

ஜான்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா போடுங்க" என்றாள்.

வில்லுப்பாட்டில் தலைப்பாட்டுக்காரர் கதையைச் சொல்லச் சொல்ல, பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" என்று சொல்ல வேண்டும். அதுவரை எங்கள் பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பெற்றவர்கள் எங்களிடம் அதிகம் சொல்லிப் பழகிய வார்த்தை அது இல்லை. கதையில் கிணற்று மேட்டில் நிற்கும் பெரியவர்களாக நாலு பேர் போதும் என்று பிரித்தோம். ஜான்சி அப்பா, வாத்தியார், தாவீதின் அம்மா, ஊர் டெய்லர்.

ஒத்திகை பெரும் கூத்து. டெய்லருக்கு "ஆமா" வரவில்லை, "அப்படியா?" என்றுதான் வந்தது. வாத்தியார், "ஆமா, ஆனா..." என்று தொடங்கிவிடுவார். "ஆனா வேண்டாம் சார், ஆமா மட்டும் போதும்" என்று அவரிடமே படித்த பையன் திருத்துவான். நாலாவது நாள் வாத்தியார் முழுசாக ஒரு "ஆமா" சொன்னபோது மண்டபமே கை தட்டியது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமும்தான். அம்மா எல்லா நாளும் வந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். "நான் கூட வருவேன். ஆமா கீமா எல்லாம் சொல்லமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

விருதுநகரில் பெரிய பள்ளி அரங்கம். எங்கள் முறை வந்தபோது நடுவர்கள் தடுத்தார்கள். இது வாலிபர் போட்டி, பெரியவர்கள் மேடையேறக் கூடாது என்றார்கள். தாவீது வாதாடினான். "இவுக பாடமாட்டாக சார். ஆமா மட்டும்தான் போடுவாக." நடுவர்களில் வயதான ஓர் அம்மா, "பெத்தவங்க ஆமா போடுறாங்களா? அதைப் பாக்கணுமே" என்று சிரித்தார். நாலு பேருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

படியருகே ஜான்சி அப்பா நின்றார். திரும்பி என் அம்மாவிடம் வந்தார். "சிஸ்டர், எனக்குத் தொண்ட கட்டிக்கிருச்சு. எனக்குப் பதிலா நீங்க ஏறுங்க."

காலையிலிருந்து வேனில் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தவர். அம்மா நர்ஸ் அல்லவா, விடுவாளா? "வாயத் தொறங்க" என்றாள். நூறு பேர் நடுவில் அவர் வாயைத் திறந்தார். அம்மா வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே?"

"உள்ளுக்குள்ள வலிக்கி சிஸ்டர்."

அம்மா அவரையே பார்த்தாள். எத்தனை ஞாயிறு அவர் வாசலில் நின்று "வரலாமா" என்று கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே இருந்து பார்த்தவள்தானே. அந்த மேடைக்காக அவர் புதுப் பருத்திச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். அதே டெய்லர்தான் தைத்தார். அம்மா குடையை அவர் கையில் கொடுத்தாள். படியேறும் முன் மேடையின் பக்கச் சுவரில் கையை வைத்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். நான் பார்த்தேன்.

கதை ஓடியது. வில்லின் மணிகள் குலுங்கின. அரங்கம் எங்களோடு வந்தது. வாத்தியாரின் "ஆமா" கணீரென்று விழுந்தது. அம்மா வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கட்டம் வந்தது. கதையில் முதலில் இறங்கிய பெண் கிணற்றின் ஆழத்துக்கே போய்விட்டாள். இருட்டு. காலடியில் மண் சரிகிறது. அண்ணாந்து பார்த்து, என் குரலில் கேட்கிறாள்.

"மேல நிக்கிறவுகளே! கயித்தப் பிடிச்சிருக்கீகளா?"

"ஆமா!" என்று மூன்று குரல் வரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு குரல் வந்துவிட்டது.

"பிடிச்சிருக்கேன்டி!"

அம்மா. எந்த ஒத்திகையிலும் இல்லாத வரி. எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு கையும் இல்லாத கயிற்றைப் பிடித்திருந்தன. அரங்கம் முதலில் சிரித்தது, அப்புறம் கை தட்டியது. கைதட்டல் நிற்கவே இல்லை. கிணற்றில் தண்ணீர் வந்த பாட்டை நான் எப்படிப் பாடினேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு நாளும் பாடியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மேடையிலிருந்து பார்த்தபோது, கீழே ஜான்சி அப்பா என் அம்மாவின் குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, கட்டிக்கொண்ட தொண்டையில் "ஆமா! ஆமா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு எங்களுக்கு. கேடயத்தை வேனில் யார் மடியில் வைப்பது என்று பெரியவர்கள்தான் சண்டை போட்டார்கள். அடுத்த ஞாயிறு அம்மா கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் வெள்ளையடிக்க வந்த கோயில்பிள்ளை, சுவரில் பெரிதும் சிறிதுமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த கைகளைப் பார்த்துவிட்டு, "இத எவன்யா அடிக்கது?" என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு அடித்தார்.

ஜான்சி அப்பா இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். நான் விருதுநகரில். என் மகன் இங்குள்ள சபையின் வாலிபர் கூட்டத்தில் இருக்கிறான். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் போனேன். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றான். சரி என்று திரும்பி வந்தேன். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் எப்படித்தான் சிரித்த முகத்தோடு திரும்பிப் போனாரோ.

இந்த ஞாயிறும் போனேன். செருப்பைத் தள்ளிக் கழற்றினேன். சுவரில் கையைப் பதித்தேன். எரிச்சல் இறங்கும் வரை வைத்திருந்தேன். "உள்ள வரலாமா?"

பையன்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மகன் தரையைப் பார்த்தான். பிறகு, "சரி வாங்க. ஆனா நாங்க சொல்லுறதைக் கேட்டுட்டுப் பேசாம உக்காந்திருக்கணும்" என்றான்.

"ஆமா!" என்றேன், விருதுநகர் மேடைக்கே கேட்கும்படி.